ஐந்து ஞாயிறு, ஒரு சனிக்கிழமை

எங்கள் தெருவில் மனு எழுதிக் கொடுக்கிறவன் நான். முதியோர் உதவித்தொகை, பட்டா மாறுதல், வராத குடிநீர், வந்துகொண்டே இருக்கும் சாக்கடை, எதுவானாலும் "வாத்தியாரைப் பாருங்க" என்று அனுப்பிவிடுவார்கள். திங்கட்கிழமை சேலம் கலெக்டர் ஆபீஸில் மக்கள் குறைதீர் நாள். ஆகவே ஞாயிறு சாயங்காலம் என் திண்ணையில் கூட்டம். 'பெறுநர்' போட்டு, 'ஐயா' போட்டு, 'பொருள்' போட்டுவிட்டால் மிச்சம் தானாக வந்துவிடும். குறை சொல்வதில் நம் ஜனங்களுக்கு ஒரு குறையும் கிடையாது.

ஒரே ஒரு மனு மட்டும் 'பொருள்' என்ற இடத்தில் இரண்டு புள்ளி வைத்ததோடு நிற்கிறது. 2023 ஜனவரியில் ஆரம்பித்தது. கேட்டு வந்தவர் நாலு வீடு தள்ளி இருக்கிற தறிக்காரர். சொந்தத் தறி கிடையாது, கூலிக்கு ஓட்டுகிறவர். மகள் நர்ஸ்.

"வாத்தியாரே, ஒரு மனு எழுதோணும்."

"என்ன விசயங்க?"

"கூலி பாக்கி."

"தறி முதலாளி மேலயா?"

"அவரு சனிக்கிழமை சாயந்திரம் ஆனா எண்ணிக் கொடுத்துருவாருங்க. இது பாப்பாவுக்கு வர வேண்டியது. கவர்மெண்டு பாக்கி."

மடியிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். வாராவாரம் எத்தனை மீட்டர் ஓட்டினார், முன்பணத்தில் எவ்வளவு பிடித்தார்கள் என்று எழுதி வைக்கிற நோட்டு. அதன் கடைசிப் பக்கத்தில் நடுவே கோடு கிழித்து, 'பாப்பா கொடுத்தது', 'பாப்பா வாங்குனது' என்று இரண்டு தலைப்பு. வாங்கினது பக்கத்தில் முதல் மூன்று வரி இப்படி இருந்தது: 22.3.20 கைதட்டல். 5.4.20 விளக்கு. 3.5.20 பூ.

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. தேதிகளைச் சரிபார்க்கலாமே என்று பழைய காலண்டரைப் புரட்டினேன். மூன்றும் ஞாயிற்றுக்கிழமை.

முதல் ஞாயிறு

2020 மார்ச் 22, மாலை ஐந்து மணி. கொரோனாவோடு மல்லுக்கட்டுகிற மருத்துவப் பணியாளர்களுக்குக் கை தட்டச் சொல்லியிருந்தார்கள். எங்கள் ஊர் ஜலகண்டாபுரத்தில் தறிச் சத்தம் நிற்பது பண்டிகைக்கும் சாவுக்கும் மின்வெட்டுக்கும்தான். அன்று மூன்றும் இல்லாமல் நின்றது. ஊரே வாசலுக்கு வந்தது. தட்டு, தாம்பாளம், கரண்டி, பூஜை மணி, ஒரு வீட்டில் குக்கர் மூடி. நாடகாசிரியர் ப. கண்ணன் தன் பெயருக்கு முன்னால் சுமந்து நடந்த ஊர் இது. நாடகம் எங்களுக்குப் புதிதில்லை. ஆனால் பார்க்க வந்தவர்களே நடித்து, அவர்களே கையும் தட்டிக்கொண்ட நாடகத்தை அன்றுதான் பார்த்தோம்.

தறிக்காரர் வீட்டம்மா கரண்டியால் போட்ட போட்டில் எவர்சில்வர் தட்டின் விளிம்பு நெளிந்துவிட்டது. அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். மகள் அப்போது ஈரோட்டுப் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தாள். "ஊரே நம்ம பாப்பாவுக்குக் கை தட்டுதுங்க" என்றார். நானும் தட்டினேன். எங்கள் வீட்டுத் தாம்பாளம் வெண்கலம், நல்ல நாதம். தட்டி முடித்ததும் எல்லோரும் உள்ளே போய்க் கை கழுவினோம். கை கழுவுவது அப்போதுதான் தேசியக் கடமை ஆகியிருந்தது. இந்த விசயத்தில் மட்டும் நாம் கொஞ்சம் சீக்கிரமாகவே கழுவிவிட்டோம்.

யாருக்குத் தட்டினோம் என்பதைத் தெரிந்துகொள்ள ஐந்து மாதம் பின்னால் போக வேண்டும். 2019 அக்டோபர் 25 அன்று தமிழ்நாட்டு அரசு மருத்துவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 2009-இல் அரசே போட்ட 354-ஆம் எண் அரசாணைப்படி சம்பள உயர்வு கொடு, வருகிற நோயாளிகளின் எண்ணிக்கைக்குத் தக்கபடி டாக்டர் இடங்களைப் போடு என்று கேட்டார்கள். நோயாளிக்குத் தக்க ஆள் வேண்டும் என்று கொரோனாவுக்கு முன்பே சொன்ன வாய் அது. அரசு அந்த வாயை மூடப் பார்த்தது. பணிமுறிவு என்று மிரட்டியது. நூற்றுக்கும் மேற்பட்டவர்களை ஊர் விட்டு ஊர் தூக்கி அடித்தது. போராட்டத்தை முன்னின்று நடத்திய டாக்டர் லட்சுமி நரசிம்மன் 2020 பிப்ரவரியில் இறந்துபோனார். அவருடைய நினைவிடம் எங்கேயோ இல்லை, பக்கத்து மேட்டூரில்தான். அதே மாதக் கடைசியில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த இடமாற்ற உத்தரவுகளை ரத்து செய்தது. அது நடந்து மூன்று வாரம் கழித்துத் தட்டும் தாம்பாளமும்.

அக்டோபரில் "வேலைக்கு வராவிட்டால் உன் இடம் காலி" என்று மிரட்டினார்கள். மார்ச்சில் "நீங்கள் வராவிட்டால் நாங்கள் காலி" என்று கும்பிட்டார்கள். இடையில் டாக்டர்களின் சம்பளத்தில் ஒரு ரூபாய் ஏறவில்லை. பட்டம் மட்டும் ஏறியது. டாக்டர், நர்ஸ் என்று இருந்தவர்கள் ஒரே சாயங்காலத்தில் தெய்வம் ஆனார்கள். தெய்வம் ஆக்குவதில் ஒரு சௌகரியம் உண்டு. தெய்வம் சாப்பிடாது, தூங்காது, ஒண்ணுக்குப் போகாது, சம்பள பில் நீட்டாது. படைத்ததைப் படைத்தவனே எடுத்துத் தின்றுவிடலாம்.

இரண்டாம் ஞாயிறு

ஏப்ரல் 5, இரவு ஒன்பது மணி, ஒன்பது நிமிடம். விளக்கை அணைத்துவிட்டு விளக்கு ஏற்றச் சொன்னார்கள். பங்குனியில் கார்த்திகை வந்தது. அப்போது நாடெங்கும் ஆஸ்பத்திரிகளில் கவச உடைக்குப் பஞ்சம். கொல்கத்தாவில் டாக்டர்களுக்கு மழைக்கோட்டு கொடுத்து வார்டுக்குள் அனுப்பினார்கள். முகக்கவசம் கேட்டவர்களின் முகத்தில் நாம் வெளிச்சம் அடித்தோம்.

இன்னொரு கூத்தும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2020-ஆம் ஆண்டைச் செவிலியர் ஆண்டு என்று முன்கூட்டியே அறிவித்திருந்தது. ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் பிறந்து 200 வருடம் ஆகிறதே என்பதற்காக. விளக்கேந்திய அம்மையாரை நாம் சரியாகத்தான் புரிந்துகொண்டோம். விளக்கு போதும் என்று எடுத்துக்கொண்டோம். அந்த அம்மாள் விளக்கோடு சேர்த்துச் சாவுக் கணக்கையும் கையில் வைத்திருந்தார், அதைக் காட்டி அரசாங்கத்தோடு மல்லுக்கட்டினார் என்பது நமக்கு வேண்டாத சரித்திரம்.

மூன்றாம் ஞாயிறு

இது தறிக்காரர் நோட்டில் இல்லை. நான்தான் சேர்த்தேன். விளக்கேற்றிச் சரியாகப் பதினான்காம் நாள், ஏப்ரல் 19.

சென்னையில் நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸ் கொரோனாவில் இறந்தார். வயது 55. கீழ்ப்பாக்கம் கல்லறையில் அடக்கம் செய்யக் குடும்பம் விரும்பியது. எதிர்ப்புக் கிளம்பியது. வேலங்காட்டுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே கூட்டம் கல்லும் கட்டையுமாக வந்தது. ஆம்புலன்ஸ் கண்ணாடி உடைந்தது, ஓட்டுநர் மண்டை உடைந்தது. மனைவியும் மகனும் விரட்டப்பட்டார்கள். நள்ளிரவில் சக மருத்துவர் ஒருவர் திரும்பிப் போய், போலீஸ் காவலோடு, தானே மண்வெட்டி பிடித்து மண்ணைத் தள்ளிப் புதைத்துவிட்டு வந்தார்.

தட்டு அடித்த ஊரும் கல் அடித்த ஊரும் வேறு வேறு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எல்லாம் கை தேர்ந்த ஒரே ஜனம்.

மூன்று நாள் கழித்து மத்திய அரசு அவசரச் சட்டம் போட்டது. சுகாதாரப் பணியாளரைப் பலமாகத் தாக்கினால் ஏழு வருடம் வரை சிறை. தெய்வத்துக்குப் போலீஸ் காவல் போடுவது நமக்குப் பழக்கம்தானே, உண்டியலுக்கும் அப்படித்தான் போடுகிறோம்.

நான்காம் ஞாயிறு

மே 3. விமானப்படையும் கடற்படையும் ஆஸ்பத்திரிகள் மேல் ஹெலிகாப்டரிலிருந்து பூத் தூவின. பூவைக் கூட்டி அள்ளியது யார் என்று எந்தப் பத்திரிகையும் எழுதவில்லை. ஆஸ்பத்திரி வாசலைக் கூட்டுகிறவர்களின் வேலைப் பட்டியலில் அன்று ஒரு வரி கூடியிருக்கும். அவர்களும் ஒப்பந்தத் தொழிலாளிகள்.

நான் சேர்த்தது போக, மற்ற மூன்று ஞாயிற்றையும் தறிக்காரர் தன் கணக்கில் எப்படி வைத்தார் என்று கேட்டேன். "வாத்தியாரே, நான் ஓட்டுன துணியில ஒரு பழுது இருந்தா முதலாளி கூலியில பிடிப்பாரு. பழுது இல்லீன்னா முழுக் கூலி. இத்தனை வருசத்துல ஒரு நாளும் எனக்குக் கை தட்டுனதில்லீங்க. தட்டியிருந்தா எனக்குப் பயமாயிருந்திருக்கும். கூலிய முழுங்கப் போறாருன்னு."

பொருளாதாரம் படித்தவர்கள் பலர் எழுதினார்கள் அந்த வருடம். இவ்வளவு தெளிவாக யாரும் எழுதவில்லை.

பாப்பா கொடுத்தது

பெண்ணுக்கு அந்த வருடம் அரசு வேலைக்கு நியமன ஆணை வந்தது. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் பரீட்சையை முன்பே எழுதித் தேறிக் காத்திருந்தவள். ஆறு மாத ஒப்பந்தம், மாதம் 14,000 ரூபாய். தெருவுக்கே சர்க்கரை கொடுத்தார்கள். இந்த 14,000-க்குப் பின்னால் ஒரு கதை உண்டு. 2015-இல் இதே வாரியம் வழியாக ஒப்பந்தத்தில் சேர்ந்த நர்சுகளுக்குச் சம்பளம் 7,700. இரண்டு வருடத்தில் நிரந்தரம் என்ற பேச்சை நம்பிச் சேர்ந்தவர்கள். இரண்டு வருடம் முடிந்த 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். என்கிற மருத்துவப் பணிகள் இயக்கக வளாகத்தில் உட்கார்ந்து போராடினார்கள். நிரந்தரம் வரவில்லை, சம்பளம் 14,000 ஆனது. ஆக, நம் பெண் வாங்கிய 14,000 கூட முன்னால் போன அக்காமார்கள் தரையில் உட்கார்ந்து வாங்கிக் கொடுத்தது.

சேலத்தில் ஒரு கோவிட் வார்டு. எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லப்போவதில்லை, எதைச் சொன்னாலும் பொருந்தும். 2021 மே மாதம். சேலம் இரும்பாலையில் 500 ஆக்சிஜன் படுக்கைகளை அவசர அவசரமாக அமைத்து, மே 20 அன்று முதலமைச்சர் ஸ்டாலின் வந்து திறந்துவைத்த நேரம். வெளியே வெயில் நூறைத் தாண்டியது. உள்ளே கவச உடை: கழுத்திலிருந்து கால்வரை ஒரே பை, இரண்டு ஜோடிக் கையுறை, மணிக்கட்டில் டேப், என்-95, அதன்மேல் இன்னொரு மாஸ்க், கண்ணாடி, ஷீல்டு. முகம் தெரியாததால் நெஞ்சில் மார்க்கர் பேனாவால் பெயர். போட்டால் ஆறு மணி நேரம் கழற்ற முடியாது. கழற்றினால் அந்த உடை போச்சு. ஆகவே டூட்டிக்கு இரண்டு மணி நேரம் முன்பிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார்கள். மாதவிலக்கு நாளில் என்ன செய்வார்கள் என்று எந்தச் சுற்றறிக்கையும் கேட்டதில்லை.

இந்தியச் செவிலியர் கவுன்சிலின் கணக்குப்படி பொது ஆஸ்பத்திரியில் ஐந்து நோயாளிக்கு ஒரு நர்ஸ், போதனா மருத்துவமனையில் மூன்று பேருக்கு ஒருவர். ராத்திரி ஷிப்டில் அவள் பார்த்தது முப்பது கட்டில். "முப்பது பேரை எப்படிம்மா பார்ப்ப?" என்று கேட்டேன். "பார்க்க முடியாதுங்க மாமா. எண்ணத்தான் முடியும்" என்றாள்.

ஒரு ராத்திரி ஒரு பாட்டி தன் மூக்குத்தியைக் கழற்றி அவள் கையில் கொடுத்திருக்கிறார். மகளிடம் கொடுத்துவிடச் சொல்லி. கவச உடையில் பாக்கெட் கிடையாது. ஒரு புதுக் கையுறையின் விரலை வெட்டி, அதற்குள் மூக்குத்தியைப் போட்டு, வாயைக் கட்டி மேசை டிராயரில் வைத்தாள். கட்டியது தறி முடிச்சு. அறுந்த இழையைப் பிணைக்கிற முடிச்சு, தறி வீட்டில் பிறந்த பிள்ளைக்கு ஆறு வயதில் கைவரும், அவிழாது. விடிவதற்குள் பாட்டி போய்விட்டார். அவரைப் பையில் சுற்றி, பெயர் எழுதி ஒட்டியதும் அவள்தான். காலையில் உடை கழற்றி, குளித்து, மூக்குத்தியோடு வாசலுக்குப் போனாள். மகள் பத்தடி தள்ளி நின்று, "கீழ வெச்சுட்டுத் தள்ளி நில்லுங்க" என்றாராம். தரையில் வைத்தாள். அந்த மகள் அதன் மேல் சானிடைசரைப் பீய்ச்சினார். பிறகு குனிந்து எடுத்தார். முடிச்சை அவிழ்க்க முடியாமல் பல்லால் கடித்தார்.

அந்த மகளை நான் குறை சொல்ல மாட்டேன். அதற்கு எனக்கு யோக்கியதை இல்லை. இந்தப் பெண் ஒரு முறை நாலு நாள் விடுப்பில் வீட்டுக்கு வந்தபோது, தெருக்குழாயில் அவர்கள் வீட்டுக் குடத்தைக் கடைசியில் வைக்கச் சொன்னது எங்கள் தெரு. பால்காரர் முக்கிலேயே பாக்கெட்டை வைத்துவிட்டுக் குரல் கொடுத்துப் போனார். நான் மனு எழுதுகிறவன், நியாயம் தெரிந்தவன். அந்தப் பக்கத்து ஜன்னலைச் சாத்தி வைத்தேன். வெண்கலத் தாம்பாளம் பரணில் இருந்தது.

மூச்சை இழுங்க

அந்த ஜூன் மாதத்தில் ஒருநாள், பணியாளர்களுக்கு மன அழுத்த மேலாண்மைப் பயிற்சி என்று ஒன்று நடத்தினார்கள். ராத்திரி டூட்டி முடித்தவர்களைத் தூங்க விடாமல் உட்காரவைத்து, திரையில் ஒரு நிபுணர் பேசினார். கண்ணை மூடச் சொன்னார். "மூச்சை ஆழமா இழுங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. இப்ப மெதுவா விடுங்க."

விடிய விடிய மூச்சை எண்ணிவிட்டு வந்தவளிடம் மூச்சை எண்ணச் சொல்கிறார். நிமிடத்துக்கு இருபத்தெட்டு, முப்பத்திரண்டு, முப்பத்தாறு, அப்புறம் எண்ண ஒன்றும் இல்லை. "இழுத்தது விடாமப் போச்சு மாமா ரெண்டு பேருக்கு. அவங்களத்தான் எண்ணிக்கிட்டிருந்தேன்" என்றாள். பயிற்சியில் கலந்துகொண்டதற்குச் சான்றிதழ் உண்டு. தறிக்காரர் நோட்டில் 'வாங்குனது' பக்கத்தில் ஏறியிருக்கிறது: 'சர்டிபிகேட் 1.'

இந்த இடத்தில்தான் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. மன அழுத்தம் என்று பெயர் வைத்தார்களே, அதைப் போல ஒரு கெட்டிக்காரத்தனம் வேறில்லை. ஆள் போடாதது அரசு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை உன் வேலை இருக்குமோ இருக்காதோ என்று கயிற்றில் நிறுத்தியதும் அரசுதான். இரண்டையும் சேர்த்து அவள் மேல் ஏற்றினார்கள். அவள் முதுகு வளைந்ததும், ஐயோ பாவம், உனக்கு முதுகில் ஏதோ நோய், யோகா செய் என்றார்கள். கொடுக்க வேண்டிய பாக்கியை வாங்க வேண்டியவளின் வியாதியாக மாற்றிவிட்டார்கள். கடன்காரன் வைத்தியன் ஆகிவிட்டான். இனி அவள் பணம் கேட்டு வந்தால் நாடி பிடித்துப் பார்ப்பான்.

நான் சொந்தமாகக் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. வேலையில் எரிந்து தீர்ந்துபோவதைப் பற்றி உலக சுகாதார நிறுவனமே 2019-இல் வரையறுத்துச் சொன்னது: இது நோய்களின் கணக்கில் வராது, வேலையிடத்தில் சரிசெய்யாமல் விட்ட அழுத்தத்தால் வருவது. அந்த நிறுவனம் 2020 ஜனவரியிலிருந்து 2021 மே வரை உலகம் முழுக்கக் கொரோனாவில் இறந்த சுகாதாரப் பணியாளர்கள் சுமார் 1,15,000 பேர் இருக்கலாம் என்றும் மதிப்பிட்டது. இவர்களுக்கெல்லாம் மூச்சுப் பயிற்சி போதவில்லை போலும்.

நம் நாட்டுக் கணக்கு எவ்வளவு? 2021 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் மத்திய அரசு சொன்னது: இறந்த டாக்டர்கள் 162 பேர், நர்சுகள் 107, ஆஷா பணியாளர்கள் 44. மறுநாளே இந்திய மருத்துவச் சங்கம் எங்கள் கணக்கில் டாக்டர்களே 734 பேர் என்றது. இடையில் 572 பிணம் இடிக்கிறது. மேலே பூத் தூவும்போது ஆஸ்பத்திரிகளை எண்ணத் தெரிந்த அரசுக்குக் கீழே விழுந்தவர்களை எண்ண வரவில்லை.

தமிழ்நாட்டுக் கணக்கு இன்னும் சுவாரசியம். முதலமைச்சராக இருந்தவர் எங்கள் பக்கத்து எடப்பாடிக்காரர். முன்களப் பணியாளர் இறந்தால் குடும்பத்துக்கு 50 லட்சம் என்று 2020 ஏப்ரலில் அறிவித்தார். ஊரே மெச்சியது. சில மாதத்தில் அது 25 லட்சம் ஆனது. நெய்து முடித்த பிறகு கூலியைப் பாதியாக்குகிற முதலாளியை எங்கள் ஊரில் தறிப்பட்டறை வாசலிலேயே நிறுத்திக் கேட்பார்கள். பிறகு ஆட்சி மாறியது. 2021 மே மாதம் புது அரசு, இறந்த 43 மருத்துவர்களின் குடும்பங்களுக்குத் தலா 25 லட்சம் என்று அறிவித்தது. கொடி மாறியது, 25 மாறவில்லை. அந்த அரசு டாக்டருக்கு 30,000, நர்சுக்கு 20,000, மற்றவர்களுக்கு 15,000 என்று மூன்று மாதத்துக்கு ஊக்கத்தொகை அறிவித்ததையும் சொல்ல வேண்டும். தறிக்காரர் அதையும் நேர்மையாக 'வாங்குனது' பக்கத்தில் எழுதியிருந்தார். கூலிக்காரன் நோட்டில் பொய்க்கணக்கு இருக்காது.

சனிக்கிழமை

எங்கள் பக்கம் சனிக்கிழமை என்றால் கூலி நாள். வெள்ளிக்கிழமையே கறிக்கடைப் பேச்சு ஆரம்பமாகும்.

2022 டிசம்பர் 31. அதுவும் சனிக்கிழமை. கொரோனாவுக்கென்று ஒப்பந்தத்தில் எடுத்த 2,000-க்கும் மேற்பட்ட நர்சுகளுக்கு அன்றோடு வேலை முடிந்தது. இனி நீட்டிப்பு இல்லை என்று ஆணை. ஆறு மாதம் ஆறு மாதமாக இரண்டரை வருடம் ஓடிய தறியை ஒரே நாளில் நிறுத்திப் பாவை அறுத்துவிட்டார்கள்.

அரசு சொன்ன காரணங்களில் ஒன்றைக் கேட்டால் அழுவதா சிரிப்பதா தெரியாது. அவசரத்தில் எடுத்த நியமனமாம், இடஒதுக்கீட்டு விதிமுறை பார்க்காமல் எடுத்துவிட்டார்களாம். இடஒதுக்கீடு எங்கள் ரத்தத்தில் ஊறிய நியாயம், அதை மீறினால் தவறுதான். ஆனால் மீறியது யார்? ஆணை போட்ட கை அரசின் கை. தண்டனை மட்டும் ஊசி போட்ட கைக்கு. விதிமுறை பார்த்தா கொரோனா வந்தது? முப்பது கட்டிலுக்கு அவளை ஒற்றையாய் அனுப்பியபோது எந்த விதியைப் புரட்டிப் பார்த்தார்கள்?

மாற்று வழியும் சொன்னார்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சேரலாம், 14,000-க்குப் பதில் 18,000 கிடைக்கும் என்று. அதுவும் தற்காலிகம்தான். முதுகில் ஏற்றிய மூட்டையை இறக்காமல் தோளை மாற்றிக்கொள் என்பது போல.

இது நம் ஊர் நோய் மட்டும் என்று நினைக்க வேண்டாம். 2020-இல் இங்கிலாந்தில் வியாழக்கிழமைதோறும் இரவு எட்டு மணிக்குப் பிரதமர் உட்பட வாசலில் நின்று கைதட்டினார்கள். மறு வருடம் மார்ச்சில் அந்த அரசு நர்சுகளுக்குப் பரிந்துரைத்த சம்பள உயர்வு 1 சதவீதம். 2022 டிசம்பர் 15 அன்று அந்நாட்டு நர்சுகள் வரலாறு காணாத வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அங்கே நர்சுகள் தெருவுக்கு வந்த அதே மாதக் கடைசியில் இங்கே நர்சுகளைத் தெருவுக்கு அனுப்பினோம். வெள்ளைக்காரனிடம் கற்றதை நாம் என்றைக்கும் மறந்ததில்லை.

ஐந்தாம் ஞாயிறு

2023 ஜனவரி 1. காலண்டரைப் பார்க்கவே வேண்டாம், ஞாயிறு. புத்தாண்டு பிறந்த சூட்டில், வேலை போன நர்சுகள் பல மாவட்டங்களிலிருந்து வந்து சேலத்தில் திரண்டு உட்கார்ந்தார்கள். நம் பெண்ணும் போனாள். இந்த முறை யாரும் தட்டு எடுத்து வரவில்லை. ஹெலிகாப்டர் வரவில்லை. போலீஸ் வண்டி வந்தது. ஏற்றிக்கொண்டுபோய் மண்டபத்தில் வைத்தார்கள். தெய்வத்தை மண்டபத்தில் எழுந்தருளச் செய்வது சம்பிரதாயம்தான். உற்சவம் முடிந்தால் மூலஸ்தானத்துக்குத் திரும்ப வேண்டும். இவர்களுக்கு மூலஸ்தானம் இடிந்துபோயிருந்தது.

அதற்குப் பிறகு கோர்ட்டு, வழக்கு என்று அலைந்து, அவர்களில் ஒரு பகுதியினர் திரும்பவும் தொகுப்பூதியத்துக்கு வந்தார்கள். அரசு மருத்துவர்களும் விட்டபாடில்லை. அதே 354-ஐக் கேட்டு 2025 ஜூனில் மேட்டூரிலிருந்து, லட்சுமி நரசிம்மன் நினைவிடத்திலிருந்து, சென்னைக்கு நடந்தே கிளம்பினார்கள். ஆணை போட்டுப் பதினாறு வருடம். நடந்துபோனால் சீக்கிரம் என்று நினைத்திருப்பார்கள்.

மனுவுக்கு வருகிறேன். அன்றைக்குத் தறிக்காரர் எதிரில் உட்கார்ந்து 'பொருள்' என்று எழுதிவிட்டுப் பேனாவை வைத்தேன். என்ன எழுதுவது? பணி நீட்டிப்பு வேண்டுதல் என்றால் அது பிச்சை. மன உளைச்சலுக்கு நிவாரணம் என்றால் மறுபடியும் திரையில் அந்த நிபுணர் வருவார், மூச்சை இழுங்க என்பார். கூலி பாக்கி என்று எழுதலாம். எந்தத் துறை, எந்தத் தலைப்பு, எத்தனை நாள் பாக்கி என்று கேட்பார்கள். குடிக்காத தண்ணீரை எந்தத் துறைக்கு எழுதுவது? மூக்குத்தியை எத்தனை மீட்டர் என்று போடுவது?

"எழுத வரலீங்களா வாத்தியாரே?" என்று கேட்டார். "யோசிச்சு எழுதலாம்" என்றேன். அவர் நோட்டை மடியில் செருகிக்கொண்டு தறிக்குப் போனார்.

போன மாதம் பழைய பாத்திரக்காரர் தெருவுக்கு வந்தார். தறிக்காரர் வீட்டம்மா அந்த நெளிந்த தட்டை எடுத்துப் போட்டார். எடை போட்டார் வியாபாரி. "நெளிசலுக்குப் பிடிச்சுக்குவீங்களா?" என்று அந்த அம்மா கேட்டார். "எடைக்கு நெளிசல் ஏதும்மா" என்று சொல்லி நாற்பது ரூபாய் எண்ணிக் கொடுத்தார்.

தறிக்காரர் அன்று சாயங்காலம் நோட்டை எடுத்து 'பாப்பா வாங்குனது' பக்கத்தில் கடைசி வரியாக எழுதினார்: '22.3.20 கைதட்டல் வகையில், ரொக்கம், ரூ. 40.'